டச்சஸ் என்றால் டச்சுக்காரி

எங்கள் வீட்டில் யாரையும் எடுத்த எடுப்பில் நம்புகிற வழக்கம் கிடையாது. பால்காரரை அம்மா நம்ப மாட்டாள், சர்ச் கமிட்டியை நைனா நம்ப மாட்டார், இவர்கள் இருவரும் சொல்வதை நான் நம்ப மாட்டேன். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட சனம் நாங்கள். 'நாளைக்கு வா, பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால், ஒன்றும் கிடைக்காது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளப் பழகியவர்கள். அதனால் சந்தேகப்படுவதைப் புத்திசாலித்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் புத்திசாலித்தனத்தை வைத்து நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. எமர்ஜென்சி வந்து, டீக்கடையில்கூட ஆட்கள் குரலைத் தாழ்த்திப் பேசிய சமயம். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் இருந்தது அதை ஒட்டிய புதுப்பட்டினத்தில். கட்டுமான சாமான்கள் வைத்திருந்த ஒரு ஸ்டோர்ஸில் நைனாவுக்கு வேலை. கம்பி, வால்வு, பைப் எல்லாம் தூக்கி அடுக்குகிற வேலை. சேர்ந்து ஏழு வருஷமாகியும் டெம்பரரிதான். 'பர்மனென்ட்' என்ற சொல் எங்கள் வீட்டு ஜெபத்தில்கூட வரும். அம்மா வேளாங்கண்ணிக்கு மொட்டை நேர்ந்திருந்தாள், அதுவும் தன் தலைக்கு இல்லை, நைனா தலைக்கு. அந்த வருஷம் பர்மனென்ட் லிஸ்ட் வரப்போகிறது, அதில் நைனா பெயரும் இருக்கிறது என்று பேச்சு அடிபட்டது. இடையில் போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி. அதில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி விழுந்தாலும் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று ஸ்டோர்ஸில் எல்லோரும் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்து, விரல் நுனி காய்த்துப்போக அடித்துப் பெற்ற ஹையர். எங்கள் காலனியில் அது வரைக்கும் எந்தப் பெண்ணும் அந்த மெஷினைத் தொட்டதில்லை. ஆனால் வேலைதான் கிடைக்கவில்லை. ஒரு நாள் இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் கூப்பிட்டு, மாமல்லபுரத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா புத்தகம் எழுதுகிறார், டைப் அடிக்க ஆள் வேண்டுமாம், போகிறாயா என்றார். இவ்வளவு நல்ல வேலையை இவர் ஏன் தன் தங்கைக்குக் கொடுக்கவில்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அந்தம்மாவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஆண்பிள்ளைச் சட்டை, கணுக்கால் வரை பாவாடை, வெயிலில் உரிந்து சிவந்த மூக்கு. கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, சவுக்குத் தோப்பு ஓரத்தில் வாடகை வீடு. சமையலுக்கோ வீடு பெருக்கவோ ஆள் வைத்துக்கொள்ளவில்லை. மீனைத் தானே வாங்கி, உப்பு மட்டும் போட்டு வேகவைத்துத் தின்பார். அந்த மீனே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. வேலைக்காரி வேண்டாம் என்கிற வெள்ளைக்காரி எதையோ மறைக்கிறாள் என்றுதானே நினைக்கத் தோன்றும்?

புத்தகம் யாரைப் பற்றி என்று முதல் நாளே கேட்டேன். "எ டச்சஸ்" என்றார். ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் வாழ்ந்தவள், அவளும் அவள் குடும்பமும்தான் புத்தகம் என்றார்.

இங்கே என் இங்கிலீஷைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆண்பால் பெண்பால் பட்டியல் ஒன்று மனப்பாடம் செய்திருந்தேன். லயன், லயனஸ். டைகர், டைக்ரஸ். ஹோஸ்ட், ஹோஸ்டஸ். அந்த வரிசையில் டச், டச்சஸ். டச்சுக்காரன், டச்சுக்காரி. வாழ்க்கையில் நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே விஷயம் இதுதான். அந்தம்மாவின் கையெழுத்தில் அந்தச் சொல்லுக்கு நடுவில், 'டச்' என்பதில் வருகிற 'டி' இல்லாததைப் பார்த்து, பாவம், ஸ்பெல்லிங் வராது போலிருக்கிறது என்று நானே சேர்த்து அடித்தேன். மறுநாள் பார்த்தால் ஒவ்வொரு 'டி'யையும் பேனாவால் மெல்லக் கோடு போட்டு அடித்திருந்தார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டேன். டியூக், டச்சஸ் என்று அந்தப் பட்டியலின் கடைசியில் இருந்ததாம். நான் பத்தாவது வரியோடு நிறுத்தியவள்.

எங்கள் பக்கத்தில் டச்சுக்காரன் என்றால் லேசுப்பட்ட பேச்சு இல்லை. பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில், எங்கள் வாயில் சட்ராஸ், அவர்கள் கட்டிய கோட்டை இடிந்து கிடக்கிறது. உள்ளே அவர்கள் கல்லறைகள். கோட்டைக்கு அடியில் சுரங்கம் இருக்கிறது, சுரங்கத்தில் தங்கம் இருக்கிறது, என்றைக்காவது வாரிசு தேடிக்கொண்டு வரும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

டச்சுக்காரி ஒருத்தியின் குடும்பத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். நைனா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார்.

"எந்த டச்சுக்காரி? சட்ராஸ் கோட்டைல பொதச்சி வச்சிகீறாங்களே, அவங்களா?"

"தெர்ல நைனா. பழைய காலத்து ஆளாம்."

"அத்த எழுதறதுக்கு மாபலிபுரத்துல இன்னாத்துக்கு வூடு? அவங்க ஊர்ல எடம் இல்லியா? கோட்டைக்குப் பக்கத்துல இன்னா கீது, யோசன பண்ணு. ப்ளான்ட் கீது. நான் வேலை செய்யற எடம் கீது. உஷாரா இரு மே."

மறுநாள் அந்தம்மாவிடம் அதையே கேட்டேன். இந்த ஊருக்கு ஏன் வந்தீர்கள்? "இங்கே என் அக்கா வர மாட்டாள்" என்றார், சிரித்துக்கொண்டே. அக்காளுக்குப் பயந்து கடல் தாண்டி வருவாளா ஒருத்தி? நான் நம்பவில்லை.

டைப் அடிப்பவர்கள் வாசிப்பதில்லை. கண் எழுத்தைப் பார்க்கும், விரல் தட்டும், அர்த்தம் தலைக்குள் போகாது. ஹையர் பாஸ் பண்ண அதுதான் வழி. நைனா சொன்ன பிறகு வேண்டுமென்றே வாசிக்க ஆரம்பித்தேன். அந்த டச்சஸுக்கு ஏழு வயதில் நிச்சயம், பதின்மூன்றில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு முப்பதுக்கு மேல். பெற்றது எட்டு, பிழைத்தது மூன்று. புருஷன் காய்ச்சலில் போனதும், மூத்த மகனுக்குப் பட்டம் கட்டிவிட்டு இவள் ஆட்சி நடத்துகிறாள். கொழுந்தன் சும்மா இருப்பானா? பிள்ளையை வளர்க்கும் உரிமை தனக்குத்தான் என்கிறான். இவள் பிறந்த வீட்டுக்கு ரகசியமாகக் கடிதங்கள் அனுப்புகிறாள். அத்தனையும் கொழுந்தன் கைக்குப் போய்ச் சேர்கிறது. கடைசியில் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு அவளைக் கன்னிமாடத்தில் அடைக்கிறான். கடிதங்களைக் காட்டிக்கொடுத்தது யார்? அந்தம்மா பதினோரு வருஷமாக அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

இதே கதை எங்கள் காலனியில் இரண்டு வீட்டில் நடந்திருக்கிறது, அரண்மனை மட்டும்தான் குறைச்சல். டச்சுக்காரியானாலும் பெற்றவள்தானே என்று மனசு இளகியது. உடனே அந்த இளக்கத்தின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. நம்மை மயக்கத்தான் இப்படி உருக்கமாக எழுதுகிறாளோ?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் வந்த நேரம், மஃப்டியில் ஒரு ஏட்டு வந்தார். நைனாவின் வெரிஃபிகேஷனுக்குத்தான். சொந்த ஊர் எது, கேஸ் எதுவும் உண்டா, கட்சிக் கூட்டத்துக்குப் போனதுண்டா என்று கேட்டார். ஊர்ப் பெயரைக் குறித்துக்கொண்டு, மற்றதற்கெல்லாம் இல்லை என்று எழுதிக்கொண்டார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுச் செருப்பில் காலையும் நுழைத்துவிட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டிய காரியம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த வேலையை நைனா செய்தார். பின்னால் எப்படியும் தெரிந்துவிடும், நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடலாம் என்று அவருக்குப் பயம்.

"சார், ஒண்ணு சொல்லிட்றேன். பொண்ணு மாபலிபுரத்துல ஒரு வெள்ளக்காரம்மாகிட்ட டைப் அடிக்குது. அந்தம்மா டச்சுக்காரங்க குடும்பத்த பத்தி எழுதிக்கினு கீது. எங்களுக்கு ஒரு சம்பந்தமும் கெடையாது சார்."

ஏட்டு செருப்பிலிருந்து காலை எடுத்தார். "டச்சுக்காரனா? நம்ம சட்ராஸ் டச்சுக்காரனா?"

"ஆமா சார்" என்றோம் நைனாவும் நானும், ஒரே குரலில்.

"அதுல எதுனா ஒரு காகிதம் எடுத்தாந்து காட்டு பாப்பா. நைனாவுக்கு நல்லது."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் என்னைச் செலுத்தியது. நைனாவுக்கு நல்லது. அந்த வாரத்தில் டச்சஸின் குடும்பக் கொடி வழியை அடித்துக்கொண்டிருந்தேன். கட்டம் கட்டமாகப் பெயர்கள், கட்டங்களுக்கு நடுவில் கோடுகள், இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவைக் குறி. ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு கார்பன் காப்பி. அதில் ஒன்றை மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து எடுத்துவந்தேன். பஸ்ஸில் டிபன் பாக்ஸை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். பயத்தில் மட்டும் இல்லை, ஒரு பெரிய காரியம் செய்கிற பெருமையும் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஏட்டு அந்தத் தாளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாமா இது, எதோ ப்ளான் மாதிரி கீது?"

"குடும்பம் சார். கோடு போட்டு கீழ கீறதெல்லாம் புள்ளைங்க."

"இந்தக் குறி?"

"செத்தவங்க."

"இத்தினி பேரா! யாரு சாவடிச்சது?"

"காய்ச்சல் சார்."

அவருக்குத் திருப்தி இல்லை. நைனா எட்டிப் பார்த்தார். ஏழு வருஷம் பைப் அடுக்கியவர் ஆயிற்றே, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியுமா? "ஸ்டோர்ஸ்ல பைப் லைன் படம் இப்டிதான் சார் இருக்கும்" என்றார். ஏட்டு நைனாவைப் பார்த்தார், நைனா ஏட்டைப் பார்த்தார், இரண்டு பேரும் மெல்லத் தலையாட்டினார்கள். குழந்தைகள் செத்த கணக்கை என் கையால் அடித்த நானும் தலையாட்டினேன்.

பத்துப் பதினைந்து நாளில் சவுக்குத் தோப்புக்கு ஜீப் வந்தது. ஒரு இன்ஸ்பெக்டர், கூட அதே ஏட்டு. ஏட்டு என்னைத் தெரியாதது போலவே நின்றார். இன்ஸ்பெக்டர் டச்சுக் கோட்டையைப் பற்றிக் கேட்டதும் அந்தம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். டச்சஸ் என்றால் டியூக்கின் மனைவி, ஹாலந்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று விளக்கினார். "நம்ம ஊர் ஜமீன்தார் சம்சாரம் மாதிரிய்யா" என்று இன்ஸ்பெக்டரே ஏட்டுக்குச் சொன்னார். டைப்ரைட்டருக்குப் பின்னால் நின்றிருந்த எனக்குக் காது இரண்டும் எரிந்தது.

தப்பு என்று தெரிந்தாலும் அதைத் திருத்துவதற்கு யாருக்கும் தைரியம் இல்லாத காலம் அது. ஃபைல் திறந்தாகிவிட்டது. ப்ளான்ட்டுக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர், சந்தேகம் என்று எழுத்தில் போயிருக்கிறது. தங்குவதற்கான அனுமதியை நீட்டிக்க முடியாது, மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, உங்கப்பா எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். போகிற அவசரத்தில் ஏட்டு, என்னிடம் வாங்கிப்போயிருந்த அந்தக் கார்பன் தாளை மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போனார்.

அந்தம்மா அதை எடுத்துப் பார்த்தார். அந்த வீட்டுக்குள் வந்துபோன ஆள் நான் ஒருத்திதான். என்னிடம் ஏதாவது கேட்பார் என்று நின்றேன். தாளை மற்றத் தாள்களோடு சேர்த்து வைத்துவிட்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றார். திட்டியிருந்தால், கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் புதுத் தாளை எடுத்து மெஷினில் செருகினேன்.

அதற்குப் பிறகு எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டு, அறையில் நடந்துகொண்டே வாயால் சொல்ல ஆரம்பித்தார். நேரம் இல்லை என்று காரணம் சொன்னார். அப்படிச் சொன்னதில்தான் அந்த அத்தியாயம் வந்தது. டச்சஸுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க ஒரு பெண் இருந்தாள். ஏழைப் பெண், கன்னிமாடத்தில் எழுத்துக் கற்றவள். கடிதங்களைக் கொழுந்தனிடம் கொடுத்தவள் அவள்தான். டச்சஸ் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் கையால் ஒரு கடிதம் எழுதி, முத்திரை வைத்து, அந்தப் பெண்ணிடமே கொடுத்துக் கொழுந்தனிடம் அனுப்பினாள்.

அங்கே நிறுத்திவிட்டார். என் விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே நின்றன.

"அதில் என்ன எழுதியிருந்தது?" என்றேன்.

"தெரியாது. அந்தக் கடிதம் எனக்குக் கிடைக்கவே இல்லை. அந்தப் பெண் திரும்பி வரவில்லை என்று மட்டும் தெரியும்."

இது உண்மையிலேயே புத்தகத்தில் உள்ளதா, எனக்காகச் சொன்னதா? அன்று பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்த பிறகும் அதுதான் மண்டைக்குள் ஓடியது. முந்திய அத்தியாயங்களில் அப்படி ஒரு பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட நான் அடித்ததாக ஞாபகம் இல்லை.

மறுநாள் கிளம்பும்போது என்னிடம் ஒரு கவரை நீட்டினார். ஒட்டி, மேலே இன்ஸ்பெக்டருக்கு என்று எழுதியிருந்தது. "தபாலில் போட்டால் எங்கெங்கோ போகும். நீயே கையில் கொடுத்துவிடு" என்றார்.

என் கை நீளவே இல்லை. அவரே என் கையைப் பிடித்து அதில் கவரை வைத்தார்.

எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். திருடியது இவள்தான், இவள் அப்பனை வேலையில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று எழுதி, அதை என் கையாலேயே கொண்டு கொடுக்க வைக்கிறாள். அதற்குத்தான் நேற்று அந்தக் கதை. எமகாதகி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஸ்டேஷன் வரைக்கும் போனேன். வாசலில் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்து, கவரைத் தகரப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே தள்ளினேன். கிழித்துப் போடத் தைரியம் வரவில்லை, திறந்து பார்க்கவும் வரவில்லை.

"கொடுத்தாயா?" என்றார் கடைசி நாளில். பெட்டிகள் கட்டியிருந்தன.

"கொடுத்துவிட்டேன்."

"நல்லது" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வாரத்துக்கு ஒரு தடவையாவது எனக்கு அந்த முகம் ஞாபகம் வரும்.

இரண்டு மாதம் கழித்து பர்மனென்ட் லிஸ்ட் ஒட்டினார்கள். நைனாவோடு சேர்ந்த ஆறு பேர் பெயரும் இருந்தது. நைனா பெயர் இல்லை. அன்று அவர் வழக்கமான நேரத்துக்கு வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டு, படுத்துக்கொண்டார். அம்மாதான் மாதாவோடு சத்தமாகச் சண்டை போட்டாள்.

அடுத்த வாரம் ஏட்டு வந்தார். நைனா வேலைக்குப் போயிருந்தார், அம்மா கடைக்குப் போயிருந்தாள். வாசலிலேயே நின்று பேசினார்.

"எம்மேல கோச்சிக்காதம்மா. நான் எழுதனது எழுதனதுதான், அத்த நானே அழிக்க முடியாது. இன்ஸ்பெக்டர் ஐயாவும் எவ்ளோ பாத்தாரு. அந்தம்மா போறதுக்கு முன்னாடி எழுத்துல எதுனா குடுத்துச்சான்னு ரெண்டு வாட்டி கேட்டாரு. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரே ஒரு வரி. அத்த ஃபைல்ல வச்சி நைனாவ தாண்ட வுட்ருப்பாரு. உங்கிட்ட எதுனா குடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"இனிமே குடுத்தாலும் ப்ரயோஜனம் இல்ல. லிஸ்ட் போய்டிச்சி" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தேன். கவரைக் கிழித்தேன். கையால் எழுதிய ஒரே தாள், ஆறேழு வரிதான். இன்ஸ்பெக்டருக்கு அந்தம்மா இப்படி எழுதியிருந்தார். அந்தக் கொடி வழித் தாளை உங்களிடம் காட்டும்படி இந்தப் பெண்ணிடம் சொன்னதே நான்தான். என்னைப் பற்றிய சந்தேகம் தீரட்டும் என்று அப்படிச் செய்தேன். அவள் நேர்மையானவள், நன்றாக வேலை செய்கிறவள். அவள் தகப்பனாரின் வேலைக்கு என்னால் எந்தக் கெடுதலும் வரக் கூடாது என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கீழே கையெழுத்து.

எனக்காக அவர் பொய் எழுதியிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து, துணியை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். அம்மா வரும் சத்தம் கேட்டதும் தாளை அடுப்பில் போட்டேன்.

சாயங்காலம் நைனா வந்ததும் கேட்டார். "ஏட்டு வந்தாராமே, இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்ல நைனா. அடுத்த லிஸ்ட்டுல பாக்கலாம்னாரு."

நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "எல்லாம் அந்த டச்சுக்காரிய நம்பிப் போனதால வந்த வினை" என்றார்.

"ஆமா நைனா" என்றேன்.